பழைய அமெரிக்கக் காரில் பவர் ஸ்டீயரிங் இரைச்சல்: பம்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

1960களிலும் 1970களிலும் வெளிவந்த செவர்லே ஷெவல், கமாரோ, இம்பாலா போன்ற கார்களை முதன்முறையாக வாங்கிப் பராமரிக்கத் தொடங்குபவர்கள், விரைவிலேயே எதிர்கொள்ளும் தொல்லைகளுள் ஒன்று ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்புறத்திலிருந்து எழும் முனகலோ கிறீச்சொலியோ ஆகும். உடனே ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் ஆயில் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழுதுபார்த்து விற்கப்படும் வேறொரு பம்பைப் பொருத்துவது பலரின் வழக்கமாக இருக்கிறது. சில வாரங்களில் அதே சத்தம் திரும்பி வருகிறது, ஏனெனில் காரணம் பம்பில் இருந்ததே இல்லை. தளர்ந்த பெல்ட்டிலோ, ஆயிலில் கலந்த காற்றிலோ, காரின் அடிச்சட்டத்தில் உரசிக்கொண்டிருந்த ஹோஸிலோ இருந்தது. காருடன் தொழிற்சாலையிலிருந்து வந்த நல்ல பம்ப் இப்படிக் கைமாறிப் போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஆகவே செலவில்லாத சோதனைகளில் தொடங்கிச் செலவுள்ளவற்றுக்குச் செல்லும் வரிசையை இங்கே தருகிறேன்.

இந்தக் கட்டுரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சாகினா பம்பை மையமாகக் கொண்டது. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில் இயங்கிய அந்நிறுவனத்தின் ஸ்டீயரிங் பிரிவு தயாரித்த இந்தப் பம்ப் செவர்லே, போண்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் ஆகிய எல்லாப் பெயர்களிலும் விற்ற கார்களில் இடம்பெற்றது. அதே காலத்து ஃபோர்டு மஸ்டாங்கில் பம்பும் வேறு, உதவி விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் முறையும் வேறு. சத்தங்களைப் பிரித்தறியும் முறை அங்கும் பொருந்துமென்றாலும், அளவுகளை அந்தக் காரின் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமைப்பு இயங்கும் விதம்

ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் (ஹைட்ராலிக்) பவர் ஸ்டீயரிங்கை 1926லேயே ஓட்டிக் காட்டினார். ஆனால் விற்பனைக்கு வந்த காரில் அது முதலில் இடம்பெற்றது 1951ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியலில்தான். அடுத்த ஆண்டு காடிலாக்கிலும் வந்தது. சாகினா அமைப்பும் அதே அடிப்படையில் அமைந்ததே.

என்ஜினின் முன்புறத்தில் ஓட்டுநர் பக்கமாகப் பெல்ட்டால் சுழலும் பம்ப் இருக்கிறது. அதன் பின்பகுதியை முழுவதுமாகப் போர்த்தியிருக்கும் தகரக் குடுவையே ஆயில் தொட்டி. அதாவது, பம்ப் தன் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. உள்ளே சுழலும் ரோட்டரில் பத்துப் பள்ளங்களும், அவற்றில் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக நழுவும் பத்துச் சிறு தகடுகளும் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள வளையத்தின் உட்புறம் முழு வட்டமாக இராது. தகடுகள் அந்த வளைவைத் தொட்டபடி சுழலும்போது இடைவெளிகள் விரிந்து ஆயிலை உறிஞ்சுகின்றன, சுருங்கி அதை அழுத்தத்துடன் வெளியேற்றுகின்றன. இந்த ஆயில் அழுத்த ஹோஸ் வழியாக, ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களின் திருப்பமாக மாற்றும் ஸ்டீயரிங் பாக்ஸுக்குச் சென்று, திரும்பு ஹோஸ் வழியாகத் தொட்டிக்கு மீள்கிறது.

புதியவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டியது, கார் நேராகச் செல்லும்போதும் ஆயில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது என்பதை. அப்போது பாக்ஸிலுள்ள வால்வு திறந்த நிலையில் இருப்பதால் அழுத்தம் குறைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் பாக்ஸின் உள்ளிருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுகி, வால்வு ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்துக்கு ஆயிலைச் செலுத்துகிறது, அழுத்தம் உயர்கிறது. சக்கரங்கள் முழுவதும் திரும்பி முட்டி நிற்கையில் ஆயிலுக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் உச்சத்தைத் தொட, பம்பிலுள்ள பாதுகாப்பு வால்வு திறந்து அதைத் தணிக்கிறது. அந்த உச்சம் காரைப் பொறுத்து ஏறத்தாழ 900 முதல் 1,450 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை இருக்கும். முட்டிய நிலையில் ஸ்டீயரிங்கை 5 விநாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது என்று கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்: ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச்சுற்றி மிக வேகமாகச் சூடேறிவிடும்.

சத்தத்தை அடையாளம் காணுதல்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். சத்தம் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடேறிய பின்னா. கார் நின்றிருக்கும்போதா, ஓடும்போதா. ஸ்டீயரிங் அசையாமல் இருக்கும்போதா, திருப்பும்போதா, முட்டி நிற்கும்போது மட்டுமா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

கூர்மையான கிறீச்சொலி, அதுவும் காரை நிறுத்துமிடத்தில் சக்கரத்தை முழுவதும் ஒடிக்கும்போது எழுவது, பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதால் வருவது. பம்புக்குச் சுமை உச்சத்தில் இருக்கும் நேரம் அதுவே. பெல்ட் தளர்வாக இருந்தால் குருவி கத்துவதுபோல விட்டுவிட்டு வரும் சிறு ஒலியும் கேட்கும்.

என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் முனகல், குளிர்ந்த காலையில் அதிகமாகவும் திருப்பும்போது இன்னும் அதிகமாகவும் கேட்டால், ஆயில் குறைந்திருக்கிறது அல்லது அதில் காற்று கலந்திருக்கிறது என்று கருதித் தொடங்குவது சரி. புதியவர்கள் பம்ப் போய்விட்டது என்று தவறாக எண்ணுவது பெரும்பாலும் இந்தச் சத்தத்தைத்தான்.

கார் நின்றிருக்கையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வரும் மெல்லிய உஸ் என்ற சீறல், குறுகிய இடைவெளிகள் வழியாக ஆயில் பாய்வதால் எழுவது. இந்த அமைப்பில் அது இயல்பானது; ஸ்டீயரிங்கின் செயல்திறனோடு அதற்குத் தொடர்பில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸின் கையேடுகளே கூறுகின்றன. சீறல் வழக்கத்தைவிடத் தெளிவாகக் காருக்குள் கேட்டால், ஸ்டீயரிங் தண்டையும் பாக்ஸையும் இணைக்கும் ரப்பர்-துணி வட்டு இணைப்பைப் பாருங்கள். அந்த வட்டு தேய்ந்தோ தண்டு தவறான நிலையில் பொருத்தப்பட்டோ உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால், பாக்ஸின் சத்தம் தண்டு வழியாக நேரே ஓட்டுநரின் காதுக்கு வரும். இதற்காக வால்வை மாற்றுவது வீண்செலவு.

அடித்தொண்டையில் உறுமுவதுபோன்ற சத்தம் சற்றுக் கவலைக்குரியது. ஹோஸிலோ பாக்ஸிலோ அடைப்பு ஏற்பட்டுப் பின்னழுத்தம் கூடியிருக்கலாம். அல்லது பம்பின் வளையமும் பக்கத் தட்டுகளும் கீறல் விழுந்து தேய்ந்திருக்கலாம். பம்பிலிருந்தே வரும் தட்டல் ஒலி, நெடுங்காலம் ஓடாமல் நின்ற காரில், தகடுகளில் ஒன்று பிசுபிசுத்துப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டதைக் குறிக்கலாம். மேடுபள்ளத்தில் வரும் கடகடப்புக்கும் திருப்பத்தின் தொடக்கத்தில் வரும் டொக் என்ற ஒலிக்கும் பெரும்பாலும் பம்போடு தொடர்பே இராது. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

பாதுகாப்பு

காரைச் சமதளத்தில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்புறத்தை உயர்த்தினால் எடையைத் தாங்கிகள் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் செல்லக் கூடாது. இந்தக் கார்களின் விசிறி என்ஜினோடு சேர்ந்தே சுழல்வது, பம்ப் அதற்கு மிக அருகில் இருப்பது. தளர்ந்த சட்டைக் கை, துண்டு, நீண்ட தலைமுடி ஆகியவை அங்கே பேராபத்து. கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தீப்பற்றக்கூடும் என்பதால், அத்தகைய கசிவைக் கண்டால் அதைச் சரிசெய்யும் வரை காரை ஓட்டாதீர்கள்.

முதலில் பெல்ட்

என்ஜினை நிறுத்திப் பெல்ட்டைச் சற்று முறுக்கி அதன் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடிபோலப் பளபளத்தால் அது வழுக்கி வழுக்கி மெருகேறிவிட்டது. வெடிப்போ ஆயில் ஊறிய கருமையோ இருந்தாலும் மாற்ற வேண்டியதே. இந்த வகைப் பெல்ட் புல்லியின் பள்ளத்தில் இரு பக்கச் சுவர்களையும் பற்றிக்கொண்டு இயங்குவது. அடிப்பரப்பு பள்ளத்தின் அடியைத் தொட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஆகவே அகலம் சரியான பெல்ட்டையே வாங்குங்கள்.

இறுக்கத்தைப் பார்க்க, இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்க வேண்டும். இழுவையை அளக்கும் கருவி கையில் இருந்தால் கையேட்டில் உள்ள எண்ணைப் பின்பற்றுவது மேலும் நல்லது. இறுக்கும்போது பலர் செய்யும் பெரும்பிழை, தொட்டியின் தகரத்தின்மேல் கடப்பாரையை வைத்து நெம்புவது. அந்தத் தகரம் மெல்லியது. நெளிந்தால் உள்ளிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்திலிருந்து கசியத் தொடங்கும், பிறகு கசிவு காற்றுக்கும் காற்று முனகலுக்கும் வழிவிடும். சில பிராக்கெட்டுகளில் இதற்கென்றே அரை அங்குலச் சதுரத் துளை உண்டு. அது இல்லையெனில் பம்பின் வார்ப்பு உடலிலோ பிராக்கெட்டிலோ மட்டும் நெம்புகோலை வையுங்கள்.

புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை நீண்ட நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள். என்ஜின் மாற்றப்பட்ட கார்களில் வேறொரு மாடலின் பிராக்கெட்டோ புல்லியோ இருப்பது மிகச் சாதாரணம். அங்கே எத்தனை பெல்ட் மாற்றினாலும் கத்திக்கொண்டேதான் இருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால், சத்தம் வரும்போது பாதுகாப்பான தூரத்திலிருந்து பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளிக்கச் செய்யுங்கள். சத்தம் சட்டென்று நின்றாலோ மாறினாலோ குற்றவாளி பெல்ட் அல்லது புல்லி. அதைவிட உறுதியான சோதனை, பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது. முனகல் அப்படியே தொடர்ந்தால் தண்ணீர் பம்பின் பேரிங்கையோ ஆல்டர்னேட்டரையோ தேட வேண்டும். அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறதென்றால், என்ஜின் சூடேற விடாமல் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிடுங்கள்.

ஆயிலும் அதில் கலந்த காற்றும்

முனகலுக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. எனவே இதில் நிதானம் தேவை. தொட்டி மூடியிலேயே அளவுக் குச்சி இணைந்திருக்கும். சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்த பின்னரே மூடியைத் திறங்கள். குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தால் அதற்கேற்பப் பாருங்கள். ஆயில் 65 முதல் 77 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கும்போதே சூடான குறி பொருந்தும். குளிர்ந்த ஆயிலை அந்தக் குறிவரை நிரப்பினால், சூடேறி விரிந்ததும் மூடி வழியாக வழிந்து வெளியேறும்.

அடுத்து ஆயிலின் நிறத்தைக் கவனியுங்கள். இந்தக் கார்களில் இரு வகை ஆயில்களைக் காணலாம்: சிவப்பாக இருப்பது தானியங்கி கியர் பாக்ஸுக்கான ஆயில், வைக்கோல் நிறத்தில் இருப்பது பவர் ஸ்டீயரிங்குக்கென்றே செய்யப்பட்டது. எது பொருந்தும் என்பதை உங்கள் காரின் ஆண்டுக்கான கையேடு கூறும். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் அது சூட்டில் கெட்ட ஆயில். விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது மினுமினுக்கும் துகள்கள் தென்பட்டால் பம்ப் உள்ளே தேய்கிறது என்று பொருள். நுரைத்தோ, பால் கலந்ததுபோல வெளிறியோ இருந்தால் அதில் காற்று இருக்கிறது. எந்த நிலையிலும் பிரேக் ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். அது சீல்களை ஊதிப் பெருக்கச் செய்து கெடுத்துவிடும். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் கலவைகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வற்றிச் சுருங்கிய சீலைக் கொஞ்ச நாள் உப்பவைப்பதைத் தவிர அவை பழுதை நீக்குவதில்லை.

காற்று ஏன் சத்தம் செய்கிறது? ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். குமிழிகளுடன் வரும் ஆயில், பம்பின் அழுத்தப் பகுதிக்குள் நுழையும் கணத்தில் அந்தக் குமிழிகள் நசுங்கி வெடிக்கின்றன. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை நிகழும் இந்தச் சிறு வெடிப்புகளே நமக்கு முனகலாகக் கேட்கின்றன. அதோடு நிற்காமல், வளையத்தின் பரப்பையும் அவை அரித்துக் குழிவிழச் செய்யும். எனவே இன்று காற்றால் முனகும் நல்ல பம்ப், கவனிக்காமல் விட்டால் உண்மையாகவே கெட்ட பம்பாகிவிடும்.

ஆயில் குறைந்திருந்தால் அது எங்கேயோ போயிருக்கிறது. பம்பையும் பாக்ஸையும் கழுவி நன்கு உலர்த்தி, அடியில் வெள்ளைத் தாள் விரித்து, என்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப மற்றவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். புல்லிக்குப் பின்னால் உள்ள தண்டு சீல் கசிந்தால், புல்லி அந்த ஆயிலைச் சுற்றிலும் விசிறியடித்து ஒரு கோடாகப் படியவைத்திருக்கும். தொட்டியின் பின்புறத்து இரு போல்ட்டுகளின் ஓ-ரிங், அழுத்த ஹோஸ் இணையும் இடம், திரும்பு ஹோஸின் கிளாம்ப் ஆகியவற்றையும் பாருங்கள். பாக்ஸில் மேலே தண்டு நுழையும் இடமும் அடியில், பாக்ஸின் அசைவைச் சக்கர இணைப்புகளுக்குக் கொடுக்கும் பிட்மேன் ஆர்ம் பொருந்தும் இடமும் வழக்கமான கசிவிடங்கள். தொட்டி தனியாக இருக்கும் வேறு கார்களில், பம்புக்கு ஆயிலைக் கொண்டுவரும் உறிஞ்சு ஹோஸ் ஒரு சொட்டும் கசியாமலே காற்றை உள்ளிழுத்துவிடும். சாகினா பம்ப் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை இங்கே இல்லை. இங்கே காற்று புகுவதற்கு முதற்காரணம் ஆயில் மட்டம் தாழ்வதே, அதற்கடுத்தது தேய்ந்த தண்டு சீல்.

காற்றை வெளியேற்றும் முறை இது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கிகள்மேல் நிறுத்துங்கள். என்ஜினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுவதும் திருப்பி, குளிர்ந்த குறிவரை ஆயில் ஊற்றுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக, முட்டவிடாமல், சுமார் 20 முறை திருப்புங்கள். இடையிடையே மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழிகள் மேலே வந்து உடைவது கண்ணுக்குத் தெரியும். குமிழி நின்ற பிறகு என்ஜினை இயக்கி, நடுநிலையில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, மீண்டும் இரு பக்கமும் முட்டவிடாமல் திருப்புங்கள். ஆயில் இன்னும் வெளிறியிருந்தால் என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். நுண்குமிழிகள் மேலேறி மறைய மணிக்கணக்காகும். இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் தொடர்வது உத்தமம். பொறுமையிழந்து என்ஜினை வேகமாக ஓட்டினால் இருக்கும் குமிழிகளைப் பம்ப் மேலும் நுண்ணியதாக அடித்து நுரையாக்கும், வேலை இரட்டிப்பாகும்.

பழைய ஆயிலை முழுவதும் மாற்றுவதென்றால், திரும்பு ஹோஸைப் பம்பிலிருந்து கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, பம்பின் அந்த வாயை அடைத்து, தொட்டியை நிரப்பி, முன்சக்கரங்கள் உயர்ந்த நிலையில் ஸ்டீயரிங்கைக் கையால் திருப்பித் திருப்பி வெளியேற்றுங்கள். என்ஜினை இயக்கியும் இதைச் செய்யலாம், ஆனால் தொட்டி சில விநாடிகளில் காலியாகிப் பம்ப் வறண்டு ஓடும் ஆபத்து உண்டு. புதியவர்களுக்குக் கைமுறையே ஏற்றது.

ஹோஸ்கள்

அழுத்த ஹோஸ் சட்டத்தையோ ஃபெண்டரையோ தொட்டுக்கொண்டிருந்தால் பம்பின் இயல்பான துடிப்பு உடற்பகுதி முழுவதும் பரவிக் கடகடப்பாகவும் ரீங்காரமாகவும் கேட்கும். என்ஜின் ஓடும்போது ஹோஸைத் தடித்த கையுறை அணிந்து சற்று அசைத்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அதன் பாதையைச் சரிசெய்து, ரப்பர் உறையுள்ள கிளிப்பை அதற்குரிய இடத்தில் பொருத்துங்கள். நாற்பது ஆண்டு பழைய ஹோஸின் வெளிப்புறம் நன்றாகத் தோன்றினாலும், உட்சுவர் உப்பியோ உரிந்தோ வழியை அடைத்து உறுமலை உண்டாக்கக்கூடும். திரும்பு ஹோஸ் பழுதானால் கையில் கிடைத்த தண்ணீர் ஹோஸை மாட்டிவிடாதீர்கள். அதன் ரப்பர் சூடான ஆயிலைத் தாங்காமல் கரைந்து, துகள்களாகப் பம்புக்குள் போகும்.

ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு

அழுத்த ஹோஸ் இணையும் பெரிய அறுகோண இணைப்பைப் பம்பிலிருந்து கழற்றினால், அதன் பின்னே ஒரு சிறு உருளை வால்வும் அதற்கும் பின்னே ஒரு ஸ்பிரிங்கும் வெளிவரும். இந்த வால்வுதான் என்ஜின் வேகம் எவ்வளவு கூடினாலும் பாக்ஸுக்குச் செல்லும் ஆயிலை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கிறது. பாதுகாப்பு வால்வும் இதற்குள்ளேயே அடங்கியுள்ளது. அழுக்கால் இது சிக்கிக்கொண்டால் பம்பிலிருந்து சளசளப்பு எழும், அல்லது ஸ்டீயரிங் திடீரென்று இறுகித் தளரும்.

வால்வு தன் துளையில் எந்தத் தடையுமின்றி நழுவ வேண்டும். மேலே மெல்லிய பிசிறு இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக் கழுவலாம். ஆழமான கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள். அறுகோணத் தலையுள்ள முனை உள்ளே ஸ்பிரிங்கை நோக்கிச் செல்லுமாறுதான் மீண்டும் பொருத்த வேண்டும். திருப்பிப் போட்டால் பவர் ஸ்டீயரிங் சரியாக வேலை செய்யாது. இணைப்பின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள்.

அழுத்தச் சோதனை

மேற்கண்டவை எல்லாம் சரியாக இருந்தும் உறுமல் தொடர்ந்தால், அப்போதுதான் பம்பைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. அதற்கும் அளவீடு வேண்டும். அடைப்பு வால்வுடன் கூடிய அழுத்தமானியைப் பம்புக்கும் அழுத்த ஹோஸுக்கும் இடையே இணைத்து, காற்றை வெளியேற்றி, ஆயிலைச் சூடாக்குங்கள். வால்வு திறந்திருக்க, சக்கரங்கள் நேராக இருக்க, என்ஜின் மெதுவாக ஓடும்போது 80 முதல் 125 பிஎஸ்ஐ காட்டுவது இயல்பு. 200ஐத் தாண்டினால் ஹோஸிலோ பாக்ஸிலோ அடைப்பு இருக்கிறது.

அடுத்து வால்வை முழுவதும் மூடி உச்ச அளவைக் குறித்து உடனே திறங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். எந்த முறையும் 5 விநாடியைத் தாண்டக் கூடாது. மூன்று அளவுகளும் உங்கள் காருக்குரிய எல்லைக்குள் இருந்து, தங்களுக்குள் 50 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபடாமல் இருந்தால் பம்ப் நல்ல நிலையில் உள்ளது. அளவு போதியதாக இருந்தும் முறைக்கு முறை மாறினால் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு சிக்குகிறது. மூன்றும் ஒன்றுபோலக் குறைவாக இருந்தால் முதலில் அந்த வால்வை மாற்றிச் சோதியுங்கள். பிறகும் குறைந்தால் ரோட்டர், தகடுகள், வளையம் ஆகியவை தேய்ந்துவிட்டன. பம்பின் அளவு சரியாக இருந்து, வால்வைத் திறந்த நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிகளிலும் முட்டவைக்கும்போது அந்த உச்சத்தை எட்டவில்லையென்றால் பாக்ஸுக்குள் ஆயில் கசிகிறது.

பம்புக்குத் தொடர்பில்லாத சத்தங்கள்

டொக் என்ற ஒலிக்கு, ஸ்டீயரிங் பாக்ஸைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். ஒருவர் நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்ட, மற்றவர் பாக்ஸின்மேல் கைவைத்துப் பார்த்தால் அசைவு தெரிந்துவிடும். 1973க்குப் பிந்தைய நான்கு சக்கர இயக்க செவர்லே பிக்கப்புகளில் அந்த இடத்தில் சட்டமே விரிசல் விடுவதுண்டு. அது ஓட்டத்தகுந்த நிலை அல்ல. பிட்மேன் ஆர்மின் நட், முன்சக்கர இணைப்புகளான ஐட்லர் ஆர்ம், டை ராடு முனைகள், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் வற்றிய பால் ஜாயின்ட் திருப்பும்போது முறுக்கும் ஒலியை எழுப்பும். கிரீஸ் கன் கொண்டு நிரப்பியவுடன் பல கார்களில் அது அடங்கிவிடும்.

பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் திருகை இறுக்கிக் கடகடப்பை நிறுத்த முயலாதீர்கள். பிட்மேன் ஆர்மைப் பிரித்து, சுழற்றத் தேவையான விசையை அளந்து செய்ய வேண்டிய வேலை அது. அளவுக்கு மீறி இறுக்கினால் திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராகாது, பற்களும் தேயும்.

பம்பை மாற்றியே தீர வேண்டுமென்றால்

சீல் மட்டும் போன பம்புக்குச் சீல் தொகுதி விலை குறைவாகக் கிடைக்கிறது; வளையம் கெடாதவரை பழைய பம்பையே பிரித்துப் போடுவதை முதலில் யோசியுங்கள். மாற்றுவதாக இருந்தால் தண்டின் வகையைப் பாருங்கள். முந்தைய பம்புகளில் புல்லி, சாவி எனப்படும் சிறு உலோகத் துண்டும் நட்டும் கொண்டு பொருந்தும். பிந்தையவற்றில் அழுத்தி ஏற்றப்படும். அழுத்தி ஏற்றும் புல்லியைக் கழற்றவும் மாட்டவும் அதற்கான கருவிகளை வாடகைக்காவது வாங்குங்கள். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலும் அந்த அதிர்ச்சி தண்டு வழியாக உட்பாகங்களைச் சேதப்படுத்தும். புதிய பம்ப் முதல் நாளிலேயே முனக இது ஒரு காரணம். பழைய தொட்டியைப் புதிய பம்புக்கு மாற்றும்போது உள்ளே கழுவி, பம்பிலுள்ள சிறு காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளையும் துடைத்தெடுங்கள்.

பொருத்தி முடித்ததும், பெல்ட்டை மாட்டும் முன் தொட்டியை நிரப்பி, புல்லியை முன்னிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கையால் சுற்றுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை சுற்ற வேண்டும். அதன்பிறகு பெல்ட்டை மாட்டி, மேலே கூறிய முறையில் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். புதிய பெல்ட் முதல் சில மணிநேர ஓட்டத்தில் தளரும் என்பதால், கார் ஒருமுறை நன்றாகச் சூடேறிக் குளிர்ந்த பின் அதன் இறுக்கத்தையும், திரும்பு ஹோஸின் கிளாம்பையும், அளவுக் குச்சியில் ஆயில் மட்டத்தையும் மீண்டும் சரிபாருங்கள்.